நெயாப்போலி என்னும் கவாலா
ஒரு துறைமுகப் பட்டணத்தின் வரலாறும் அது நம்மிடம் எழுப்பும் வினாவும்

திருமறையை வாசிக்கும்போது சில ஊர்ப்பெயர்களை நாம் நின்று பாராமலே கடந்து விடுகிறோம். அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம் 11ஆம் வசனத்தில் வரும் நெயாப்போலி அத்தகைய பெயர்களுள் ஒன்று. துரோவாவில் பவுல் இராத்திரியிலே கண்ட தரிசனத்தைக் குறித்துப் பல பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். பிலிப்பியில் லீதியாளின் இருதயம் திறக்கப்பட்டதையும், சிறைச்சாலையில் நள்ளிரவில் எழுந்த துதிப்பாட்டையும் ஓய்வுநாள் பள்ளிக் காலம் முதல் அறிந்திருக்கிறோம். இவ்விரண்டிற்கும் இடையே, கப்பல் கரை சேர்ந்த இடமாக மட்டும் நெயாப்போலி நிற்கிறது. லூக்கா அதற்கு அளிப்பது ஒரே ஒரு சொல்தான்.

அந்த ஊர் இன்றும் இருக்கிறது. வட கிரேக்கத்தில், ஏஜியன் கடலோரத்தில், கவாலா என்னும் பெயருடன் விளங்குகிறது. கோடைக்காலத்தில் பல நாட்டினரும் கடல் நீராடவும், எதிரேயுள்ள தாசோஸ் தீவுக்குக் கப்பல் ஏறவும் அங்கே வருகின்றனர். வேத மாணவர்களோ பவுலின் அடிச்சுவட்டைத் தேடி வருகின்றனர். நற்செய்தி ஐரோப்பாவிற்குள் நுழைந்த வாசல் என்று வழிகாட்டி நூல்கள் அதைப் புகழ்கின்றன. இப்புகழுரை எவ்வளவு தூரம் உண்மை? கடல் கடந்து வந்தவர்களை இந்த ஊர் எவ்வாறு ஏற்றது? தன்னிடம் இருந்தவர்களை எவ்வாறு இழந்தது? இவற்றைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இடமும் தோற்றமும்

கவாலா மலைக்கும் கடலுக்கும் இடையே அமைந்த பட்டணம். பின்புறத்தில் சிம்போலோன் குன்றுத் தொடர் எழுகிறது, முன்புறத்தில் கடல். ஊரின் பழைய பகுதி கடலுக்குள் நீண்டு செல்லும் ஒரு பாறை முனையின்மேல் உள்ளது. பனாயியா என அழைக்கப்படும் இப்பகுதியின் உச்சியில் கோட்டையும், அதன் சரிவில் நெருங்கிய வீடுகளும் குறுகிய தெருக்களும் காணப்படுகின்றன. வட பகுதியின் உள்நாட்டுச் சமவெளிக்குச் செல்ல விரும்புவோர் இங்கே இறங்கி, குன்றுகளினூடே உள்ள கணவாயைக் கடக்க வேண்டும். இந்த இருப்பிடமே ஊரின் வரலாறு முழுவதையும் உருவாக்கியது எனலாம். வருவோரும் போவோரும் இல்லாத காலம் இவ்வூருக்கு இருந்ததில்லை.

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் தாசோஸ் தீவினர் இங்கே குடியேறி ஊரை நிறுவினர். நெயாப்போலி என்றால் புதிய பட்டணம் என்பது பொருள். சுற்றுப்புற மலைகளில் கிடைத்த பொன்னும் வெள்ளியும் ஊரை வளப்படுத்தின. நெயாப்போலி தன் சொந்த வெள்ளி நாணயங்களை வெளியிட்டது. அவற்றில் கோர்கோன் என்னும் அரக்கியின் முகம் பொறிக்கப்பட்டிருந்தது. பார்த்தெனோஸ், அதாவது கன்னி, என்று அழைக்கப்பட்ட தேவியே ஊரின் காவல் தெய்வம். அத்தேவியின் ஆலயத் தூண்களின் பகுதிகளை இன்று கவாலா தொல்பொருட் காட்சியகத்தில் காணலாம்.

கி.மு. 411இல் தாசோஸ் தீவு ஆதென்ஸ் நகரத்திற்கு எதிராகக் கிளர்ச்சி செய்தது. நெயாப்போலியோ தன் தாய்ப்பட்டணத்தோடு சேராமல் ஆதென்சின் பக்கம் நின்றது. நன்றியுள்ள ஆதென்ஸ் மக்கள் அதைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றி, அதைக் கல்லில் வெட்டினர். அத்தீர்மானத்தில் நெயாப்போலியினர் தாசோசின் குடியேற்றத்தார் என்று முதலில் எழுதப்பட்டிருந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் நெயாப்போலியினரின் வேண்டுகோளின்படி அந்தச் சொற்கள் அழிக்கப்பட்டன. ஓர் ஊர் தன் பூர்வீகத்தைக் கல்லிலிருந்து நீக்கச் செய்த இச்செய்தியை மனத்தில் வைத்துக்கொள்வோம். பிற்காலத்தில் இதே கரையில் அழிக்கப்பட்டவை எழுத்துக்கள் மட்டுமல்ல.

பின்னர் மக்கெதோனிய அரசன் இரண்டாம் பிலிப்பு இப்பகுதியைக் கைப்பற்றினான். உள்நாட்டில் தன் பெயரால் அவன் அமைத்த பிலிப்பி பட்டணத்திற்கு நெயாப்போலி துறைமுகமாயிற்று. கி.மு. 42இல் பிலிப்பி சமவெளியில் புரூட்டஸ், காசியஸ் ஆகியோரின் படைகளும், அந்தோனியு, ஒக்தாவியன் ஆகியோரின் படைகளும் மோதியபோது, முன்னவர்களின் கப்பற்படை நெயாப்போலியில்தான் நின்றது. போருக்குப் பின் பிலிப்பி உரோமக் குடியேற்ற நகரமாக மாற்றப்பட்டு, ஓய்வு பெற்ற போர்வீரர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டனர். அதிரியாக் கடலிலிருந்து கிழக்கே பைசாந்தியம் வரை சென்ற எக்னாத்தியா என்னும் உரோம நெடுஞ்சாலை நெயாப்போலியில் கடலைத் தொட்டது. அச்சாலையின் கற்பாவிய ஒரு பகுதி ஊருக்கு வெளியே இன்றும் உள்ளது.

2. பவுல் கரையேறிய நாள்

ஏறத்தாழ கி.பி. 49 அல்லது 50ஆம் ஆண்டில் பவுலும் சீலாவும் தீமோத்தேயுவும் துரோவாவில் கப்பல் ஏறினர். நடபடிகளை எழுதியவர் அதுவரை அவர்கள் என்று சொல்லி வந்தவர், 16:10 முதல் நாங்கள் என்று சொல்லத் தொடங்குகிறார் என்பது நாம் அறிந்ததே. முதல் நாள் கப்பல் சாமோத்திராக்கே தீவை அடைந்தது. ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரமுள்ள அத்தீவின் மலை அந்நாளைய மாலுமிகளுக்குக் கடலின் நடுவே நின்ற அடையாளம். மறுநாள் நெயாப்போலி. இரண்டே நாட்களில் முடிந்த இப்பயணம் காற்று சாதகமாக வீசியதைக் காட்டுகிறது. பின்னாளில் அவர்கள் பிலிப்பியை விட்டுத் துரோவாவிற்குத் திரும்பிய கடற்பயணத்திற்கு ஐந்து நாட்கள் ஆயின என்று 20:6 கூறுகிறது. ஒரே கடல், ஒரே வழி. ஆயினும் ஒரு முறை இரண்டு நாள், மறுமுறை ஐந்து நாள். இத்தகைய நுணுக்கங்களே இப்பகுதி கடலை நேரில் கண்ட ஒருவரின் நினைவிலிருந்து எழுந்தது என்னும் எண்ணத்தை நம்முள் வலுப்படுத்துகின்றன.

நெயாப்போலியில் பவுல் பிரசங்கித்ததாக லூக்கா கூறவில்லை. கரையிறங்கியவர்கள் கணவாயைக் கடந்து, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிலிப்பிக்குச் சென்றனர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரிசனத்தில் உதவி கேட்டு நின்றவன் ஒரு மக்கெதோனியன். ஆனால் துறைமுகத்தில் அவர்களை எதிர்கொள்ள எவரும் நிற்கவில்லை. பிலிப்பியிலும் சில நாட்கள் கழிந்த பின்னரே, நகரவாசலுக்கு வெளியே ஆற்றோரத்தில் ஜெபிக்கக் கூடியிருந்த பெண்களை அவர்கள் சந்தித்தனர். அவர்களுள் இருதயம் திறக்கப்பட்டவளாகப் பெயர் சொல்லப்படுபவள் மக்கெதோனியளும் அல்லள். அவள் தியத்தீரா ஊராள். அதாவது, பவுல் எந்தக் கரையை விட்டு வந்தாரோ அந்த ஆசியாவைச் சேர்ந்தவள். இரத்தாம்பர வியாபாரத்தின் நிமித்தம் அவளும் கடல் கடந்து வந்தவள். ஐரோப்பாவின் முதற் கனி என்று நாம் வழக்கமாகப் போற்றும் பெண் ஆசியாவிலிருந்து வந்து குடியிருந்தவள் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஐரோப்பாவின் வாசல் என்னும் புகழுரையையும் இந்த வெளிச்சத்தில் ஆராய வேண்டும். லூக்கா ஐரோப்பா என்னும் சொல்லையே பயன்படுத்தவில்லை. பவுலுக்கு அது ஒரு கண்டத்திலிருந்து மற்றொரு கண்டத்திற்குச் செய்த பயணமன்று. உரோமப் பேரரசின் ஒரு மாகாணத்திலிருந்து மற்றொரு மாகாணத்திற்குச் சென்றதே. புறப்பட்ட துரோவாவும் சென்றடைந்த பிலிப்பியும் உரோமக் குடியேற்ற நகரங்களே. மேலும், பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடியிருந்தவர்களுள் உரோமாபுரியிலிருந்து வந்தவர்களும் இருந்தனர் (அப். 2:10). பவுல் உரோமாபுரிக்கு எழுதியபோது, தாம் அதுவரை கண்டிராத ஒரு சபைக்கே எழுதினார். அந்தச் சபையை நிறுவியவர் யார் என்று திருமறை கூறவில்லை. ஆகவே பெயர் அறியப்படாத விசுவாசிகள் பவுலுக்கு முன்னரே நற்செய்தியை மேற்கே கொண்டு சென்றிருந்தனர் எனக் கொள்வதே பொருத்தம். இதனால் நெயாப்போலியின் சிறப்பு குறைந்துவிடாது. ஆனால் அதன் சிறப்பு கண்டங்களின் பெருமையில் இல்லை என்பது தெளிவாகிறது.

பவுலுக்குப் பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து மற்றொருவர் இதே வழியில் வந்தார். அந்தியோகியாவின் கண்காணியாகிய இக்னாத்தியு, திராயான் பேரரசன் காலத்தில் உரோமாபுரியில் இரத்தசாட்சியாக மரிக்கும்படி கைதியாகக் கொண்டு செல்லப்பட்டார். துரோவாவிலிருந்து நெயாப்போலிக்குத் திடீரெனக் கப்பலேற வேண்டியதாயிற்று என்றும், அதனால் எல்லாச் சபைகளுக்கும் எழுத இயலவில்லை என்றும் அவர் பொலிகார்ப்புக்கு வரைந்த நிருபத்தில் குறிப்பிடுகிறார். ஒருவர் சுயாதீனராக வந்திறங்கினார். ஒருவர் விலங்குகளோடு வந்திறங்கினார். திருச்சபை இருவரையும் ஒரே கரையில் நினைவுகூருகிறது.

3. கிறிஸ்துவின் பட்டணம்

பைசாந்தியப் பேரரசின் காலத்தில் ஊரின் பெயர் கிறிஸ்துபோலி என மாறியது. கிறிஸ்துவின் பட்டணம் என்பது அதன் பொருள். பெயர் உயர்ந்தது, ஆயினும் பெயர் பட்டணத்தைக் காக்கவில்லை. 1185இல் அதை எரித்தவர்கள் சிசிலியிலிருந்து வந்த நார்மானியர். அவர்களும் கிறிஸ்துவின் நாமத்தைத் தரித்தவர்களே. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊர் ஒத்தமானியத் துருக்கியர் வசமாயிற்று.

16ஆம் நூற்றாண்டில் சுலைமான் சுல்தான் காலத்தில் ஊர் புத்துயிர் பெற்றது. 1526இல் அங்கேரி நாட்டில் துருக்கியர் பெற்ற வெற்றிக்குப் பின், அந்நாட்டு யூதர்கள் சிலர் இங்கே குடியமர்த்தப்பட்டனர். சுல்தானின் முதலமைச்சராக 1523 முதல் 1536 வரை இருந்த இப்ராகிம் பாஷா இங்கே ஒரு பள்ளிவாசலைக் கட்டினார். கவாலாவின் அடையாளமாகவே இன்று விளங்கும் நீர்க்கால் பாலமும் அவர் பணியே என்பர். கிரேக்கர் அதைக் கமாரெஸ், அதாவது வளைவுகள், என்று அழைக்கின்றனர். ஏறத்தாழ 60 வளைவுகளுடன், மிக உயர்ந்த இடத்தில் 25 மீட்டர் அளவு உயரத்துடன், அது நகரின் நடுவே எழுந்து நிற்கிறது. மலை ஊற்றுகளின் நீர் இதன் மேலுள்ள கால்வாய் வழியாகப் பாறை முனையிலிருந்த வீடுகளுக்குச் சென்றது. ஊற்றுக்கும் ஊருக்கும் இடையே தாழ்ந்த நிலம் இருந்தபடியால், நீர் தன் மட்டத்தை இழக்காமல் ஓட இவ்வளவு உயர்ந்த பாலம் தேவைப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது பயன்பட்டது. இப்ராகிம் பாஷா பிறப்பால் கிரேக்கக் கிறிஸ்தவர் என்பதும், அடிமையாகக் கொண்டு செல்லப்பட்டு அப்பதவிக்கு உயர்ந்தவர் என்பதும், இறுதியில் சுல்தானின் ஆணையாலேயே கொல்லப்பட்டார் என்பதும் குறிப்பிடத்தக்கவை.

1769இல் இவ்வூரில் பிறந்த மற்றொருவர் உலக வரலாற்றில் இடம் பெற்றார். அவரே முகமது அலி. 1805 முதல் 1848 வரை எகிப்தை ஆண்டு, 1950களின் தொடக்கம் வரை அங்கே அரசாண்ட வம்சத்தை நிறுவியவர். அவர் பிறந்த வீடு பனாயியாவின் உச்சியில் பாதுகாக்கப்படுகிறது. அதன் எதிரே குதிரைமேல் அமர்ந்த அவருடைய வெண்கலச் சிலை உள்ளது. தம் பிறந்த ஊருக்கு அவர் அளித்த கொடை இமாரெத் என்னும் அறநிலையம். அதில் மார்க்கக் கல்விக்கூடங்களும், மாணவர் தங்கும் அறைகளும், ஏழைகளுக்கு நாள்தோறும் இலவசமாக உணவளித்த சமையற்கூடமும் இருந்தன. தாசோஸ் தீவின் வருவாய் இதன் செலவுக்கென ஒதுக்கப்பட்டது. சாதியும் சமயமும் பாராது பசித்தவனுக்குச் சோறிடுவதை அறங்களுள் தலையாயதாக எண்ணும் நமக்கு இக்கட்டிடத்தின் நோக்கம் எளிதில் விளங்கும். 2004 முதல் இது செல்வந்தர் தங்கும் விடுதியாக நடைபெறுகிறது. கட்டிடம் மிகச் செம்மையாகப் புதுப்பிக்கப்பட்டுள்ளது என்று கண்டவர்கள் பாராட்டுகின்றனர். ஏழைகளின் அடுக்களையாய் இருந்தது இப்போது யாருக்குப் பந்தி விரிக்கிறது என்னும் எண்ணம் நமக்கு எழாமலிராது.

4. புகையிலையும் உழைப்பாளரும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் கவாலாவின் வாழ்வு புகையிலையைச் சார்ந்து அமைந்தது. மக்கெதோனிய, திரேசிய மலைச்சரிவுகளில் விளைந்த சிறு இலைப் புகையிலை நறுமணத்திற்குப் பேர்பெற்றது. அதைத் தரம் பிரித்து, பதப்படுத்தி, பொதிகட்டிக் கப்பலேற்றும் வேலை இங்கே நடந்தது. கடற்கரையை ஒட்டிப் பல மாடிகளுடன் பெரிய கிடங்குகள் எழுந்தன. வணிகர்கள் மாளிகைகள் கட்டினர். இன்று நகர மன்றம் இயங்கும் கட்டிடம், அங்கேரி நாட்டுப் புகையிலை வணிகர் ஒருவர் தம் நாட்டுக் கோட்டையின் சாயலில் கட்டிய வீடே.

கிடங்குகளின் உள்ளே இருந்த வாழ்வு வேறு. இலைத் தூசியினிடையே ஆண்களும் பெண்களும் தரையில் அமர்ந்து நாள் முழுவதும் இலைகளைப் பிரித்தனர். கிரேக்கரும் துருக்கியரும் யூதரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்தனர். கூலி உயர்வுக்காக ஒன்றுசேர்ந்து வேலைநிறுத்தமும் செய்தனர். 1914இல் நடந்த பெரும் வேலைநிறுத்தம் அவற்றுள் ஒன்று. 1934இல் கவாலா மக்கள் மித்சோஸ் பார்த்சாலிதிஸ் என்னும் கம்யூனிசத் தலைவரை நகரத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். கிரேக்க நாட்டில் இத்தகைய தேர்வு நடந்தது அவ்வாண்டிலேதான் முதன்முறை. அவ்வூரின் புகையிலைக் காட்சியகத்தில் அந்நாளைய கருவிகளையும் படங்களையும் காணலாம். இரத்தாம்பரம் விற்ற லீதியாளின் காலமுதல் இக்கரையின் வாழ்வு வணிகத்தாலும் கைவேலையாலும் ஆனது என்பதை இக்காட்சியகம் நினைவூட்டுகிறது.

5. வந்தவர்களும் அனுப்பப்பட்டவர்களும்

1912, 1913ஆம் ஆண்டுகளின் பால்கன் போர்களில் ஊர் முதலில் பல்கேரியர் கைக்கும், பின்னர் 1913இல் கிரேக்கர் கைக்கும் மாறியது. அடுத்து வந்ததே பெரிய மாற்றம். 1922இல் சின்ன ஆசியாவில் கிரேக்கப் படை தோல்வியுற்றது. சிமிர்னா நகரம் தீக்கிரையாயிற்று. 1923 ஜனவரியில் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் செய்த உடன்படிக்கையின்படி, மக்கள் கட்டாயமாக மாற்றிக்கொள்ளப்பட்டனர். ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்திற்கும், மூன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட இஸ்லாமியர் துருக்கிக்கும் சென்றனர். முன்னவர்களில் பலர் உடன்படிக்கைக்கு முன்னரே உயிருக்குத் தப்பி ஓடி வந்தவர்கள். மாற்றத்திற்கு அளவுகோலாகக் கொள்ளப்பட்டது மொழியன்று, சமயமே. அதனால் துருக்கி மொழியன்றி வேறு மொழி அறியாத கிறிஸ்தவர்கள் கிரேக்கராகவும், கிரேக்க மொழி பேசிய இஸ்லாமியர் துருக்கியராகவும் எண்ணப்பட்டனர்.

கவாலாவின் இஸ்லாமியர் பல தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளை விட்டுக் கப்பலேறினர். அதே துறையில் அகதிகள் வந்திறங்கினர். ஊரின் மக்கள் தொகை சில ஆண்டுகளில் ஏறத்தாழ இருமடங்காகியது. இமாரெத்திலும் பள்ளிவாசல் கட்டிடங்களிலும் அகதிக் குடும்பங்கள் தங்கின. இப்ராகிம் பாஷாவின் பள்ளிவாசல் பின்னர் தேவாலயமாக மாற்றப்பட்டது. அதுவே இன்றைய பரிசுத்த நிக்கொலா ஆலயம்.

கவாலாவின் கிழக்கே அகதிகள் அமைத்த நேயா கார்வாலி என்னும் ஊர் இறையியல் மாணவர்களின் தனிக் கவனத்திற்கு உரியது. அதன் மக்கள் கப்பதோக்கியாவின் கார்வாலி என்னும் ஊரிலிருந்து வந்தவர்கள். அது திரித்துவக் கோட்பாட்டை விளக்கிய நான்காம் நூற்றாண்டுச் சபைப் பிதாவாகிய நசியான்சு கிரெகோரியின் நாடு. தங்கள் ஊரை விட்டு வரும்போது அவர்கள் அவருடைய திருப்பண்டங்களைத் தங்களோடு கொண்டுவந்து, புதிய ஊரில் அவர் பெயரால் ஆலயம் எழுப்பினர். வீட்டையும் நிலத்தையும் இழந்தவர்கள் தம் ஆசிரியரின் நினைவை இழக்க மனமற்றிருந்தனர். திருப்பண்டங்களைக் குறித்து நம் சீர்திருத்த மரபின் கருத்து வேறாயினும், அம்மக்களின் பற்றுறுதியை நாம் மதிக்காமல் இருக்க இயலாது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் இதே ஊரில் மற்றொரு வெளியேற்றம் நடந்தது. இரண்டாம் உலகப் போரில், 1941 முதல் கவாலா பல்கேரியாவின் ஆட்சியின்கீழ் இருந்தது. 1943 மார்ச் 3ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள் விடிவதற்குள் ஊரின் யூதர்கள் வீடுகளிலிருந்து இழுத்து வரப்பட்டு, புகையிலைக் கிடங்குகளில் அடைக்கப்பட்டனர். பின்னர் இரயில் மூலம் தானூபு நதிக்கரைக்கும், அங்கிருந்து படகில் வியன்னாவுக்கும், முடிவில் போலந்து நாட்டின் திரெபிளிங்கா கொலைக்களத்திற்கும் கொண்டு செல்லப்பட்டனர். கவாலாவின் 1,484 யூதர்கள் அவ்வாறு மாண்டனர். அவர்களுள் பலருடைய முன்னோர் நானூறு ஆண்டுகளாக அக்கடற்கரையில் வாழ்ந்தவர்கள்.

இங்கே திருச்சபை கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல்கேரிய நாட்டு யூதர்களைக் காக்க அந்நாட்டின் ஆர்த்தடாக்ஸ் சபைத் தலைவர்கள் துணிவுடன் குரல் எழுப்பினர். அவர்களோடு மற்றவர்களும் சேர்ந்து எதிர்த்ததால் பல்லாயிரம் உயிர்கள் தப்பின. இது நன்றியோடு நினைக்கத்தக்கது. ஆனால் கைப்பற்றப்பட்ட நாட்டின் யூதர்கள், குடியுரிமை இல்லாதவர்கள் என்னும் காரணத்தால், அந்தப் பாதுகாப்பின் வெளியே நின்றனர். எல்லைக்கோட்டின் இப்புறத்தில் இருந்தவன் பிழைத்தான். அப்புறத்தில் இருந்தவன் மாண்டான். அவர்களுக்கான நினைவுக்கல் 2015இல்தான் கவாலாவில் திறக்கப்பட்டது. அதில் பொறிக்கப்பட்ட தாவீதின் நட்சத்திரம் வேண்டுமா என்று அப்போதும் சர்ச்சை எழுந்தது. முடிவில் நட்சத்திரம் நீக்கப்படாமலே கல் நிறுவப்பட்டது.

6. இன்று காண்பவர்க்கு

இன்றைய கவாலாவுக்குச் செல்பவர் ஊரைக் கால்நடையாகவே சுற்றிப் பார்க்கலாம். துறைமுகத்தின் அருகே பரிசுத்த நிக்கொலா ஆலயமும், அதன் பக்கத்தில் பவுலின் வருகையைச் சித்திரிக்கும் வண்ணக்கற் சித்திரமும் உள்ளன. ஒருபுறம் துரோவாவின் தரிசனம், மறுபுறம் நெயாப்போலியில் கால் வைக்கும் காட்சி. பழைய பகுதியில் ஹலில் பே பள்ளிவாசலின் தரை கண்ணாடியால் அமைக்கப்பட்டுள்ளது. அதன் கீழே முற்காலக் கிறிஸ்தவ ஆலயம் ஒன்றின் அடித்தளம் தெரிகிறது. கோட்டையின் மேலிருந்து பார்த்தால் துறைமுகமும் தாசோஸ் தீவும் ஒருங்கே தோன்றும். ராப்சானி, கலாமிட்சா, பாட்டிஸ் முதலிய கடற்கரைகள் நீராடுவோர்க்கு ஏற்றவை. பிலிப்பியின் இடிபாடுகள் 2016இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. பவுலின் பெயரால் அங்கே கட்டப்பட்ட நான்காம் நூற்றாண்டு ஆலயத்தின் தரைக் கல்வெட்டையும் பழைய நாடக அரங்கையும் காண்பதற்கு ஒரு நாளை ஒதுக்குவது நலம்.

இக்காட்சிகளில் பவுலின் வருகைக்குரிய சித்திரம் பெரியது; மற்ற வருகைகளுக்கும் பிரிவுகளுக்கும் உரிய அடையாளங்கள் சிறியவை. தேடுபவர்க்கே அவை புலப்படும்.

7. உதவி எத்திசையில் செல்கிறது?

அக்கரையிலிருந்து எழுந்த மக்கெதோனியனின் வேண்டுகோள் பிற்கால வரலாற்றில் பலவாறு பயன்படுத்தப்பட்டது. 1629இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் முத்திரையில், அமெரிக்கப் பழங்குடி மனிதன் ஒருவன் அச்சொற்களைக் கூறுவதாகப் பொறிக்கப்பட்டது. வந்தவர்கள் அவன் நிலத்தை எடுத்துக்கொண்டனர். அவன் அவர்களை அழைத்ததில்லை. 1701இல் இங்கிலாந்தில் தோன்றிய எஸ்.பி.ஜி. சங்கத்தின் முத்திரையிலும், கப்பலில் வேதத்துடன் வரும் குருவையும், கரையில் கைநீட்டி நிற்கும் மக்களையும் காண்கிறோம். அதே வேண்டுகோளின் இலத்தீன் சொற்கள் அதில் உள்ளன. அச்சங்கத்தின் ஊழியத்தால் நாசரேத்தும் இடையன்குடியும் பெற்ற நன்மைகளை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆயினும் அந்தச் சித்திரத்தில் கொடுப்பவர் எப்போதும் கப்பலில் இருக்கிறார். பெறுபவர் எப்போதும் கரையில் நிற்கிறார். திருமறை இவ்வாறுதான் கூறுகிறதா?

இல்லை. உதவி செய்ய வந்த பவுல் பிலிப்பியில் அடிபட்டுச் சிறைப்பட்டார். அவரைத் தன் வீட்டில் வருந்திக் கேட்டுத் தங்க வைத்தவள் லீதியாள். அவருடைய காயங்களைக் கழுவியவன் சிறைச்சாலைக்காரன். தெசலோனிக்கேயில் அவர் இருந்தபோது மீண்டும் மீண்டும் பொருளுதவி அனுப்பியவர்கள் பிலிப்பி சபையார் (பிலி. 4:15, 16). கொடிய தரித்திரத்திலும் எருசலேமின் ஏழைகளுக்குத் தங்கள் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தவர்கள் மக்கெதோனியா நாட்டுச் சபையார் (2 கொரி. 8:1-5). உதவி வேண்டும் என்று அழைத்த கரையிலிருந்தே உதவி திரும்பிச் சென்றது. கொடுத்தலும் பெறுதலும் ஒரே துறைமுகத்தின் வழியாக இரு திசைகளிலும் சென்றன. கண்டங்களின் பெருமையில் காணாத நெயாப்போலியின் சிறப்பை நாம் இங்கேதான் காண்கிறோம்.

2015இல் சிரியா முதலிய நாடுகளின் போர்களுக்குத் தப்பிச் சின்ன ஆசியாக் கரையிலிருந்து சிறு படகுகளில் கடல் கடந்த மக்கள், பண்டைய மித்திலேனே இருக்கும் லெஸ்போஸ் தீவிலே பெருந்திரளாகக் கரையேறினர். அவர்களுள் ஒரு பகுதியினர் அங்கிருந்து கப்பலில் கவாலாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். பவுல் கடந்த அதே கடலின் வழியாக அவர்கள் வந்தனர். தரிசனத்தில் ஒருவன் நின்று வேண்டிக்கொண்டான். இவர்களோ நேரிலே நின்று வேண்டிக்கொண்டார்கள். அகதிகளின் பேரப்பிள்ளைகள் பலர் வாழும் ஊரில் அவர்கள் வந்திறங்கினர் என்பது சிந்தனைக்குரியது.

நெயாப்போலியின் கரையில் வந்திறங்கியவன் அப்போஸ்தலனா, கைதியா, அகதியா என்று கப்பலைப் பார்த்து மட்டும் அறிய முடியாது. அவனை வீட்டிற்குள் அழைத்தவளே அதை அறிந்தாள். கடற்கரை ஊர்களிலும், பேருந்து நிலையங்களிலும், நம் ஆலய வாசல்களிலும் அந்நியர் வந்து நிற்கும் காலத்தில் வாழ்கிறோம். தரிசனத்திற்காகக் காத்திருக்கும் நாம், வாசலில் நிற்பவரைக் காணத் தவறுகிறோமா? கிறிஸ்துவின் பட்டணம் என்னும் பெயரை ஓர் ஊருக்குச் சூட்டுவது எளிது. அந்தப் பெயருக்கு ஏற்றவாறு கதவைத் திறப்பதே திருச்சபைக்கு இட்ட பணி.